கடல் மேல் பதினேழு கர்ணப் புறாக்கள்

சென்னைக்குப் புறப்படும்போது என் பையில் இருந்தவை: நான்கு நாளுக்கான துணி, ஸ்டாப்வாட்ச், சிறிய தொலைநோக்கி, ஏழு வருடக் குறிப்புகள் அடங்கிய நோட்டு, அம்மா எழுதிக் கொடுத்த தி. நகர் பட்டியல். கையில் துளை போட்ட அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் முப்பத்தொன்று.

முப்பத்தொன்று ஓர் ஆண் புறா. நான் புறாக்களுக்குப் பெயர் வைப்பதில்லை. கால் வளையத்தில் இருக்கும் எண்தான் பெயர். கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஆலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். வேலைக்குப் போவதற்கு முன்னும் வந்த பின்னும் மொட்டை மாடியில் கர்ணப் புறாக்களைப் பறக்கவிடுகிறேன். கூட்டமாகப் பறந்துகொண்டிருக்கும்போதே பின்பக்கமாகக் கரணம் அடித்துச் சுழன்று, கயிறு இறங்குவதுபோல் இறங்கி, சட்டென்று நின்று மறுபடி மேலேறும் இனம் அது.

என்னுடையவை நிற்பதில்லை. அதுதான் பயணத்துக்குக் காரணம். ஏழு வருடமாக அதிக நேரம் சுழலும் ஆணையும் அதிக நேரம் சுழலும் பெட்டையையும் சேர்த்து வந்தேன். சென்ற வருடம் பறக்க வந்த ஒன்பது குஞ்சுகளில் ஆறு, சுழன்றுகொண்டே வந்து கூரையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் மோதின. ஒன்று பக்கத்து வீட்டுத் துவைக்கும் கல்லில் விழுந்தது. அந்த வீட்டு அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தார். கல்லை மூன்று முறை கழுவினார். வேறு ரத்தம் சேர்த்து இதைச் சரிசெய்ய ஒரு முறை முயல்வது, முடியாவிட்டால் கூண்டைக் கலைத்துவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

தேசப்பன் எனக்குப் புறாக்காரர்களின் கைபேசிக் குழு ஒன்றில் அறிமுகம். ஊரூர் ஒல்காட் குப்பத்தில் படகு இன்ஜின் பழுதுபார்ப்பவர். அவருடைய புறாக்கள் குறைவாகத்தான் சுழலும், ஆனால் விழுந்து சாவதில்லை என்று குழுவில் பேச்சு. முப்பத்தொன்று சுழலும் வீடியோவைப் பார்த்துவிட்டு அவரே அழைத்தார். "வெலையெல்லாம் பேசாதீங்க மேடம். மாத்து தான். உன்துல ஒண்ணு, என்துல ஒண்ணு."

பொங்கல் முடிந்த வாரம் மயிலாப்பூரில் வந்து இறங்கினேன். கல்லூரித் தோழி ஹேமாவின் வீடு இருக்கும் தெருவுக்கு நேர் வழியே இல்லை. மெட்ரோவுக்காகத் தோண்டி, தகரம் அடித்து வைத்திருந்தார்கள். ஆட்டோக்காரர் ஒரே கோபுரத்தை எனக்கு மூன்று திசையிலிருந்து காட்டினார். "நாலாவது பக்கம் ஒரு வழி கீது, ஆனா அது நேத்து இருந்திச்சி" என்றார்.

ஹேமா வீட்டில் இட்லியும் கெட்டிச் சட்னியும் காத்திருந்தன. எங்கள் ஊர்ச் சட்னி ஓடும். இது வைத்த இடத்தில் நின்றது. பெட்டியைப் பால்கனியில் வைத்தபோதுதான் கவனித்தேன், பால்கனி முழுவதும் நைலான் வலை. ஹேமாவின் அம்மா என் பின்னால் வந்து நின்றார்.

"ஏண்டிம்மா, புறா வரப்படாதுன்னு ஆத்துல வலை கட்டிண்டு உக்காந்திருக்கோம். நீ வலைக்கு உள்ளயே கொண்டுவந்து வச்சுட்டியே."

"அம்மா, அது கெஸ்ட்" என்றாள் ஹேமா.

"கெஸ்ட்னா பாத்ரூம் எங்கேன்னு கேக்கத் தெரிஞ்சிருக்கணும்."

முப்பத்தொன்று அந்த நேரம் பார்த்துக் குனுகத் தொடங்கியது. வலைக்கு வெளியே ஏசி பெட்டியின் மேல் இரண்டு ஊர்ப் புறாக்கள் வந்து உட்கார்ந்து பதில் குரல் கொடுத்தன. மாமி தலையில் கைவைத்துக்கொண்டு உள்ளே போனார். ஐந்து நிமிடம் கழித்து ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் விரிக்கப் பழைய செய்தித்தாளும் கொண்டுவந்து வைத்தார்.

அன்று பிற்பகல் பெட்டியோடு குப்பத்துக்குப் போனேன். பெசன்ட் நகரின் அகலமான தெருக்கள் முடிந்து, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள் தொடங்குகின்றன. கோவைக் காற்றுக்கு வாசனை கிடையாது. இங்கே காற்றில் உப்பு, டீசல், கருவாடு மூன்றும் தனித்தனியே தெரிந்தன.

தேசப்பன் என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். விரல் இடுக்குகளில் கிரீஸ்.

"நீங்கதான் கோயமுத்தூரா? புறாவக் குட்த்து எவனாச்சும் ஆம்பளைய அனுப்புவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

"நாந்தானுங்க வளக்கறது. வேற ஆளில்லைங்க."

அவர் மனைவி மல்லிகா மீன் விற்றுவிட்டு வந்து படியில் உட்கார்ந்திருந்தார். "இன்னா கண்ணு, வாய்க்கு வாய் ங்க, ங்கன்ற. இந்தாளுக்கு இம்மாம் மரியாத எவனும் குட்த்ததில்ல. கெட்டுப் பூடப் போறாரு."

மொட்டை மாடியில், பழைய பலகைகளும் தகரமும் வைத்து அடித்த கூண்டு. தேசப்பன் முப்பத்தொன்றைக் கையில் வாங்கி மார்பைத் தடவினார், இறக்கையை விரித்துப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். அவர் முகம் கனிந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான் என்று நோட்டைத் திறந்தேன்.

"இவனோட தம்பி தங்கச்சி நாலுல மூணு விழுந்து செத்துப்போச்சுங்க. எல்லாம் இதுல எழுதியிருக்குது. படிச்சுப் பாத்துட்டு வாங்கிக்குங்க."

"நோட்டு இன்னாத்துக்கு? எனக்கு சுத்தற புறா வோணும். புறாப் போட்டில வுட்டா அவனவன் என் கூட்டத்த பாத்துட்டு, இன்னா தேசப்பா, உன் புறாங்க தும்முதான்றான்."

பிறகு அவர் வழக்கத்தைச் சொன்னார். மாற்றுக்கு வந்தவர் கூண்டுக்குள் கையை விட்டு எடுக்கக் கூடாது. கையில் எல்லாப் புறாவும் அழகுதான். வானத்தில் பறக்கும்போது விரல் நீட்டிக் காட்ட வேண்டும். "வெரல் நீட்டிட்டா அதான். நீ மாத்திக் கேக்கவும் கூடாது, நானு மாத்திக் குடுக்கவும் கூடாது. மூணு காலைல பாரு. மூணாவது நாளு காட்டு."

"எந்தப் புறாவா இருந்தாலும்ங்களா?"

"எதா இருந்தாலும்."

முப்பத்தொன்றை அப்போதே அங்கே விட்டுவிட்டுத் திரும்ப எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது காலை கொண்டுவருகிறேன் என்றேன். அவர் சிரித்தார். மாமி சிரிக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஆறரைக்குப் பதினேழு புறாக்களும் மேலே ஏறின. என் நோட்டில் மூன்று கட்டங்கள்: நிறம், ஒவ்வொரு சுழற்சிக்கும் எத்தனை நொடி, எத்தனை முறை. தேசப்பன் தன் புறாக்களுக்கு எல்லாம் பெயர் வைத்திருந்தார்; அவற்றையும் எழுதிக்கொண்டேன். சிவப்பு உடலும் வெள்ளை வாலும் கொண்ட சில்லு பதினொரு முறை சுழன்றது. ஒவ்வொன்றும் இரண்டு நொடிக்குச் சற்றுக் குறைவு. மற்றவை ஒரு நொடியைத் தாண்டவில்லை. சில்லு சுழலும்போது வானத்தில் யாரோ திருகாணியை முடுக்குவதுபோல் இருந்தது.

சாம்பல் நிறப் பெட்டை ஒன்று ஏறக்குறைய சுழலவே இல்லை. இரண்டு முறை அரைக் கரணம் போட்டது, அவ்வளவுதான்.

"அது யாருங்க?"

"கண்டக்டரு. எல்லாம் ஏறியாச்சான்னு பாத்துட்டுத்தான் கடசில ஏறும். எறங்கறதும் கடசிலதான்."

கண்டக்டர் பெயர் மேல் கோடு போட்டு அடித்தேன். சில்லு பெயரைச் சுற்றி வட்டம் போட்டேன்.

அன்று பிற்பகலுக்குள் முப்பத்தொன்று அட்டைப் பெட்டியைக் கொத்திக் கிழித்திருந்தது. சிந்தாதிரிப்பேட்டையில் மரப்பெட்டி செய்யும் கடையைத் தேடிப் போனேன். எங்கள் ஊரில் ஒரு பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் தண்ணீர் கொடுப்பார்கள். இங்கே முதலில் கேள்வி. "எத்தினி புறா? ஒண்ணா? ஒத்தப் புறாக்கு பங்களாவா?" என்று கேட்டுக்கொண்டே அந்தத் தச்சர் அளவு எடுக்கத் தொடங்கிவிட்டார். பக்கத்துக்கு ஆறு துளை வேண்டும் என்றதற்கு, "புறா மூச்சு வுடுமா, வேடிக்க பாக்குமா?" என்றார். எட்டுத் துளை போட்டுக் கொடுத்தார்.

பெட்டியோடு தி. நகர் போனது தவறு. அம்மாவின் பட்டியலில் ஒன்பது பொருள். கூட்டம் என்னையும் பெட்டியையும் வேறு வேறு திசையில் கொண்டுபோகப் பார்த்தது. ஒரு பொருள், இரண்டு ரவிக்கைத் துணி, மட்டும் வாங்க முடிந்தது. திரும்பும் பேருந்தில் நடத்துநர் பெட்டியின் துளை வழியே உள்ளே பார்த்தார். "இன்னாமா, காலியாக் கீது?" "ஆமாங்க. புறா வீட்ல இருக்குதுங்க." "அத்த வூட்ல வுட்டுட்டு அதோட வூட்ட சுத்திக் காட்றியா?" என்று சொல்லிவிட்டு முன்னால் போனார். பின் இருக்கை முழுவதும் சிரித்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தை மாதத்தில் இப்படி வியர்க்கும் ஊரில் எப்படித்தான் பட்டுப்புடவை விற்கிறார்களோ தெரியவில்லை.

அடுத்த காலை எல்லாம் மாறியது.

நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று பலமாக வீசியது. ஏறிய சில நிமிடங்களிலேயே கூட்டம் கரையைத் தாண்டித் தண்ணீருக்கு மேல் போய்விட்டது. எங்கள் ஊரில் கீழே கூரையும் மரமும் இருக்கும். சில சமயம் புறா கிளையில் தட்டித் தப்பும். இங்கே கீழே ஒன்றுமே இல்லை.

சில்லு சுழன்றது. நின்றது. ஆனால் நின்ற பிறகு தாழ்வாக, தனியாக, தண்ணீரை ஒட்டியே பறந்தது. கூட்டம் கரைப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் என் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சை அழுத்தியது. அது கூட்டத்தோடு சேர நாற்பத்தெட்டு நொடி. அந்த நாற்பத்தெட்டு நொடியும் கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு புறா பிரிந்து, பின்தங்கி, சில்லுவுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. சில்லு அதைப் பார்த்து ஏறியது. இரண்டும் சேர்ந்து கூட்டத்தைப் பிடித்தன. தொலைநோக்கியைத் திருகினேன். சாம்பல் நிறம்.

அதன் பின் நான் சுழற்சியை அளக்கவில்லை. சுழன்ற புறா கூட்டத்துக்குத் திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்பதை மட்டும் அளந்தேன். அரை மணி நேரத்தில் ஒன்பது முறை. ஏழு முறை கண்டக்டர் இடையில் இருந்தது.

பத்தாவது முறை அது தொலைவில் இருந்தது. இளம் புறா ஒன்று சுழலத் தொடங்கி, நிற்காமல் அப்படியே தண்ணீருக்குள் போய்விட்டது. தேசப்பன் இரண்டு கையையும் கைப்பிடிச் சுவரில் வைத்தபடி நின்றார்.

கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஃபைபர் படகு ஒன்று வளைந்து போய் எதையோ குனிந்து எடுத்தது. கால் மணி நேரம் கழித்துக் கீழே சந்திலிருந்து குரல் வந்தது. "இன்னா தேசப்பா, இன்னிக்கு எங்க வலைல உன் கோழி மாட்டிக்கிச்சி. கொழம்பு வெக்கட்டா?"

உயிரோடு இருந்தது. மல்லிகா அதைத் தன் தலைத் துண்டில் சுற்றித் துடைத்தார். "இத்தோட இவரு வாயி அடங்கும்" என்றார் என்னிடம். "சில்லுவ அதோட அக்காகூடயே சேத்து எட்த்த குஞ்சு இது. போட்டிக்கு வோணுமாம்."

"இதுக்கு முன்னாடி ஆழமா சுத்தறது உங்ககிட்ட இருந்ததே இல்லீங்களா?"

"ஏன் இல்ல? எவ்ளோ இருந்திச்சி. இவரு சேத்து வெப்பாரு, கடலு பிரிச்சி எட்த்துக்கும். மிச்சம் இருக்கறது கடலு வேணாம்னு வுட்டது."

நெத்திலி வறுத்துக் கொடுத்தார்கள். மொட்டை மாடியிலேயே, ஈரப்புறா பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருக்க, சாப்பிட்டேன். எங்கள் ஊருக்கு வரும் மீன் பனிக்கட்டியின் சுவையோடுதான் வரும். இது வேறு பொருள்.

மயிலாப்பூருக்குத் திரும்பி ஏழு வருட நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். நொடி, எண்ணிக்கை, ஆழம், தேதி, காற்று, தீவனம். எத்தனை நொடியில் திரும்பியது என்று ஒரு கட்டம்கூட இல்லை. ஆலையில் உச்ச ஓட்டத்தை மட்டும் பார்த்து ஒரு பம்ப்பையும் நான் வெளியே அனுப்பியதில்லை. நிறுத்தினால் நிற்கிறதா, திரும்ப எடுக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். புறாவில் மட்டும் உச்சத்துக்கே ஏழு வருடம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வட்டத்தை அடித்தேன். அடித்த பெயரை மறுபடி எழுதினேன்.

கடைசிக் காலை முப்பத்தொன்றை மரப்பெட்டியில் எடுத்துக்கொண்டு போனேன். காற்று இல்லை. கூட்டம் குப்பத்துக்கு மேலேயே சுற்றியது. சில்லு இருந்த எல்லா வித்தையையும் காட்டியது. தேசப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சில்லுவைக் கேட்பேன் என்று தயாராக, அதற்கான வருத்தத்தைக்கூட முகத்தில் முன்னாலேயே எடுத்து வைத்திருந்தார்.

விரலை நீட்டினேன். அவர் என் விரலின் நேரே பார்த்தார். மறுபடி என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா பாரு மா. அது கண்டக்டரு."

"தெரியுங்க."

"அது சுத்தாது."

"தெரியுங்க."

அவர் விரல்களை லுங்கியில் துடைத்துக்கொண்டார். "சில்லுவ எட்த்துக்கோ. அதோட ஜோடியையும் எட்த்துக்கோ. ரெண்டா எட்த்துக்கினு போ."

எனக்கும் கஷ்டமாக இருந்தது. அவர் எதைக் கொடுக்கிறார் என்று அவருக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. எனக்கு முந்தின நாளே தெரியும். ஆனால் துவைக்கும் கல்லை மூன்று முறை கழுவிய கைகள் என் கண்ணில் இருந்தன. "மாத்திக் கேக்கவும் கூடாது, மாத்திக் குடுக்கவும் கூடாதுன்னு சொன்னீங்க" என்றேன்.

மல்லிகா படியேறி வந்தார். "சட்டம் போட்டது யாரு? அவளா?"

கூட்டம் இறங்கும்வரை காத்திருந்தோம். நனைந்த குஞ்சைக் கூண்டிலேயே வைத்திருந்தார்; மற்ற பதினைந்தும் இறங்கின. பிறகு கண்டக்டர் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத் தகரத்தின் மேல் உட்கார்ந்தது. தேசப்பன் அதைப் பிடித்து மார்போடு வைத்துக்கொண்டார். "அங்க போயும் கடசிலதான் ஏறுவியா?" என்று கேட்டார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"ஒண்ணு. மொத ஜோடிக் குஞ்சுல ஒண்ணு எனக்கு வரணும். அதுவும் வானத்துலதான். காட்றது நானு."

"சரீங்க."

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன்: முப்பத்தொன்றைக் குறைவாகச் சுழலும் பெட்டையோடு மட்டும் சேர்க்கவும், சில்லுவின் ரத்தம் வேண்டவே வேண்டாம், காற்று கடல் பக்கம் வீசும் நாளில் அதன் குஞ்சுகளை விடவேண்டாம். நோட்டு எதற்கு என்று கேட்டவர் இதைப் படித்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மயிலாப்பூரில் மாமி பெட்டியின் துளை வழியே எட்டிப் பார்த்தார். "இது வேறயாச்சே. இது கத்தவே இல்லையே. சமத்து." எனக்குத் தயிர்சாதமும் கண்டக்டருக்கு ஒரு கைப்பிடிப் பச்சைப்பயறும் கட்டிக் கொடுத்தார். ரயிலில் நான் தூங்கிப்போனேன். அது தூங்கவில்லை என்று நினைக்கிறேன்.

முப்பத்தொன்றின் அண்ணன் இருபத்தேழோடு கண்டக்டரைச் சேர்த்தேன். இரண்டு குஞ்சு: ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று. ஆடிக் காற்று தொடங்கிய வாரம் ஐம்பத்திரண்டு முதல் முறையாக ஒழுங்காகச் சுழன்றது. இரண்டு நொடி. பக்கத்து வீட்டுத் தென்னைக்கு மேலே நல்ல உயரத்தில் நின்றது. ஆறு நொடியில் கூட்டத்தில் இருந்தது. நோட்டில் புதிய கட்டம் போட்டு ஆறு என்று எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேசப்பன் வீடியோவில் அழைத்தார். முப்பத்தொன்றின் குஞ்சுகள் நன்றாக இருக்கின்றன, இன்னும் சுழலவில்லை என்றார். பிறகு, "கூட்டம் இப்பல்லாம் ரெண்டாப் பிரியுது மா. மூணு புறா கடல் மேல போயி வரல" என்றார். குறையாகச் சொல்லவில்லை. "சரி, ஃபோன வானத்துப் பக்கம் காட்டு."

காட்டினேன். ஐம்பத்திரண்டு அந்த நேரம் பார்த்துச் சுழன்றது. அவர் இதைத்தான் கேட்பார், போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். மனத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"நல்லாத்தான் சுத்துது. உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "கடசில வர்து பாரு, சாம்ப கலரு. அதான்."

ஐம்பத்துமூன்று. இதுவரை ஒரு கரணமும் போடாதது. சுழன்று இறங்கிய அக்காவுக்காகப் பின்தங்கி, நடுவில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. எதை எதோடு சேர்ப்பது என்று அடுத்த மூன்று தலைமுறைக்கும் நோட்டில் நான் வரைந்திருந்த அம்புக்குறிகள் எல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

"நல்லாப் பாத்தீங்களாங்க? அது சுத்தாதுங்க."

"தெரியும்."

"வேணும்னா ஐம்பத்திரண்டையும் சேத்து..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். போனை வானத்துக்குத் திருப்பிப் பிடித்திருந்ததால் தேசப்பனின் முகம் தெரியவில்லை. மல்லிகா சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

நோட்டில் அம்புக்குறிகளை அடித்துவிட்டு, சிந்தாதிரிப்பேட்டைப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தேன். பக்கத்துக்கு எட்டுத் துளை. கூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கடைசியாக இறங்கப்போகும் ஐம்பத்துமூன்றுக்காகக் காத்திருந்தேன்.